நாற்பது வயதில் வேலையை விட்டு வழக்கறிஞர் ஆகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2018இல், 40ஆவது வயதில், அதை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். 2021 கடைசியில் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். அன்றிலிருந்து நீதிமன்ற வளாகத்தில், கல்யாணப் பந்தியில், மகளின் பள்ளி வாசலில் என்று போகிற இடமெல்லாம் ஒரே கேள்விகளைச் சந்திக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் 35க்கும் 50க்கும் இடைப்பட்டவர்கள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த வயதில் சட்டக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் உச்ச வயது வரம்பு கிடையாது. நடுவில் ஒரு குழப்பம் வந்தது உண்மை. 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர முடியாது என்ற விதியை, வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2016இல் மீண்டும் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தப் பழைய செய்தியை இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டு "வயது தாண்டிவிட்டதே" என்று கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

படித்து முடித்தபின் பதிவு செய்வதற்கும் வயது தடையில்லை. 45 வயது முடிந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்று 1993இல் ஒரு விதி போட்டார்கள். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை முதலாண்டில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, எனக்கு முன்னால் யாரோ ஒருவர் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

என்ன தகுதி வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் ஒரு பட்டம். பட்டத்தில் பொதுவாக 45 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு வேண்டும். அரசுச் சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் பார்த்து இடம் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியிருந்தால், பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி அந்தப் பட்டம் இங்கே செல்லாது. பன்னிரண்டாவது முடித்தபின் தொலைநிலையில் பட்டம் படித்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் நடு வயதில் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்கள் சிக்கிக்கொள்வதும் இந்த விதியில்தான். வேலையை விடுவதற்கு முன்னால் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாதா?

முழுநேர வேலையோடு முடியாது. அஞ்சல் வழியிலோ தொலைநிலையிலோ படித்த சட்டப் படிப்பை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை இருக்க வேண்டும் என்பது விதி. "நீங்கள் வர வேண்டாம், வருகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தை மீறி வாங்கிய வருகைப் பதிவோடு சட்டத் தொழிலைத் தொடங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பின்னாளில் எதிர்த்தரப்பு அதைத் தோண்டி எடுத்தால் உங்கள் பதிவுக்கே ஆபத்து வரும்.

நான் கோயம்புத்தூர் அரசுச் சட்டக் கல்லூரியில் படித்தேன். காலையில் திருப்பூரிலிருந்து ரயில், அங்கிருந்து மருதமலை சாலைக்கு பஸ். மாலை வீடு திரும்பி, இரண்டு சிறிய தையல் யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுத்தேன். இப்படிக் கையில் இருக்கும் தொழிலை மாலை நேர வேலையாகச் சுருக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் படிப்புக் காலத்தை ஓட்டிவிடலாம்.

பணத்துக்கு என்ன செய்தீர்கள்?

எல்லோரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதும் இதுதான்.

மூன்று ஆண்டுப் படிப்புக்கு மட்டும் பணம் சேர்த்தால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. ஆறு ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். படிக்கும் மூன்று ஆண்டுகளில் வருமானம் இல்லை. பதிவு செய்தபின் வரும் மூன்று ஆண்டுகளில் வருமானம் இருந்தும் இல்லாததுபோல. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருந்துச் செலவு, இவைதான் மனிதரை நடுவழியில் திரும்ப வைக்கின்றன.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் நான் மூன்று விஷயங்களை எழுதிப் பார்த்தேன். முதலாவது பணிக்கொடை. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அது உரிமை. நான் விலகியபோது இருந்த சட்டப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய், 19 ஆண்டு என்றால் ஏறக்குறைய 2,19,000 ரூபாய் வரும். இரண்டாவது வருங்கால வைப்பு நிதி. பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது. சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் 58 வயதில் பென்ஷனாக வரும். எனவே அந்தப் பகுதியைக் கையிருப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது மருத்துவம். வேலை போனால் இஎஸ்ஐ அட்டையும் நாளடைவில் போய்விடும். சம்பளம் வரும்போதே தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை வந்தபோது அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். வாரச் சம்பளம். அவர் சம்பளத்தில் சமையலறை ஓடியது, என் பணிக்கொடையில் மகளின் பள்ளிக் கட்டணம் ஓடியது. நகைகளில் பாதி இரண்டு முறை அடகுக்குப் போய்த் திரும்பியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முன்கூட்டியே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, "இந்த நகை இதற்காகப் போகும்" என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினோம்.

அந்தப் பணிக்கொடையும் தானாக வரவில்லை. விண்ணப்பித்த 30 நாளில் கொடுக்க வேண்டியதை நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தது. தொழிலாளர் துறை அதிகாரியிடம் நானே மனு எழுதிக் கொடுத்து வட்டியோடு வாங்கினேன். அப்போது நான் முதலாண்டு மாணவி. சட்டம் படிக்க வந்தது சரிதான் என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான்.

இத்தனை ஆண்டு கழித்துப் படிப்பு ஏறுமா?

ஏறும். முதல் இரண்டு மாதம் கை வலிக்கும், தேர்வில் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், உயர் நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலம். மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. ஆகவே இரண்டு மொழியிலும் வாசித்துப் பழகுங்கள். ஒப்பந்தச் சட்டம் நடத்தும்போது இருபது வயதுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் சரக்கு வாங்கும் ஒரு பையர், ஒரு நூல் வியாபாரி, ஒரு சாயப்பட்டறை முகம் நினைவுக்கு வந்தது. எதையும் தனியாக மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

பதிவு செய்ய எவ்வளவு செலவாகும்? அதன்பின் ஒரு தேர்வு உண்டாமே?

பல மாநிலங்களில் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்னபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. எனக்கு மூன்று ஆண்டு பிந்தி வந்த தீர்ப்பு. பின்னால் வருபவர்களுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

தேர்வு உண்டு. பதிவு செய்து இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறினால்தான் தொடர்ந்து வாதாடலாம். நூறு கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஒழுங்காகப் படித்து வந்தவர்கள் அஞ்ச வேண்டிய தேர்வு அல்ல.

பதிவு செய்துவிட்டுப் பழைய வேலையிலேயே இருக்கலாமா?

கூடாது. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி 49 அனுமதிப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் ஓர் அறுவை மருத்துவர் சட்டம் படித்து, மருத்துவத்தை விடாமலே பதிவு கேட்டார். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு கட்சிக்காரரின் சுதந்திரம் உங்கள் கையில் இருக்கும்போது இன்னொரு தொழில் உங்களை இழுக்கக் கூடாது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கடுமையான விதிதான். ரிமாண்டில் இருப்பவரின் மனைவி வாசலில் காத்து நிற்பதைப் பார்த்தபின் அது எனக்கு நியாயமாகப் படுகிறது.

உங்களைவிட இளையவரிடம் ஜூனியராக இருப்பது எப்படி?

என் சீனியர் என்னைவிட ஆறு வயது இளையவர். அலுவலகத்தில் என்னை "அக்கா" என்பார், கோர்ட்டில் "மேடம்" என்பார். நான் அவரை இரண்டு இடத்திலும் "சார்" என்பேன். முதல் வாரத்திலேயே இது தானாக அமைந்துவிட்டது. அதன்பின் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பழைய வேலையில் எனக்குக் கீழே ஏழு பேர். ஒரு கையெழுத்தில் லட்சங்கள் நகரும். இங்கே காலையில் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து, "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், சிறிது நேரம் கழித்துக் கூப்பிட வேண்டும்" என்று கேட்பதுதான் வேலை. சில நாள் வாய்தா வாங்குவது மட்டுமே வேலை. நான் போட்ட மனு குறை சுட்டிக்காட்டப்பட்டு நான்கு முறை திரும்பியது. பெஞ்ச் கிளார்க் என் மகன் வயதுப் பையன், "மேடம், வக்காலத்தில் ஸ்டாம்ப் எங்கே?" என்று எல்லோர் முன்னும் கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சீனியரின் குமாஸ்தா என்னை உட்கார வைத்து, மனுவை எந்த வரிசையில் கட்ட வேண்டும், எங்கே எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். நல்ல குமாஸ்தா கிடைத்தால் அவரிடம் பணிவோடு கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியில் எங்குமே சொல்லித் தராத பாடம் அது.

எனக்கு முதல் ஆண்டு மாதம் 5,000 ரூபாய், அடுத்த ஆண்டு 8,000. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வந்துவிடும் என்று நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

பழைய வேலையின் அனுபவம் வீணாகிவிடாதா?

இதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம்.

காசோலை திரும்பிய வழக்கு. திருப்பூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் என்று கறாரான காலக்கெடு உள்ள வழக்கு. எங்கள் கட்சிக்காரர், பிறருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஜாப் ஒர்க் யூனிட்காரர். "பாதுகாப்புக்காகக் கொடுத்த வெற்றுக் காசோலையை நிரப்பிப் போட்டுவிட்டார்கள்" என்று அழுதார். கையெழுத்து அவருடையது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்கும் பொறுப்பு நம்முடையது. எதிர்த்தரப்பு, துணி கொடுத்ததற்கான பில்களைக் கட்டாகத் தாக்கல் செய்திருந்தது.

சீனியர் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்து, "அக்கா, இது உங்கள் துறை" என்றார். இரண்டு மாலை உட்கார்ந்து புரட்டினேன். மே 2017 தேதி போட்ட ஒரு பில்லில் வரியை, ஜிஎஸ்டியின் மத்திய, மாநிலப் பங்குகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1 அன்று. அதற்கு முன் இங்கே வாட் வரி. அந்த மாற்றத்தின்போது மூன்று வாரம் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் கிடந்தவள் நான், அந்தத் தேதி எனக்கு எப்படி மறக்கும்? குறுக்கு விசாரணையில் சீனியர் அந்தப் பில்லை நீட்டி, ஜிஎஸ்டி எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்றவர் வெகு நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்சிக்காரர் விடுதலையானார்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நீங்கள் எந்த வேலையிலிருந்து வருகிறீர்கள்? செவிலியராக இருந்தவர்களுக்கு மருத்துவப் பதிவேடு படிக்கத் தெரியும். சர்வேயரிடம் வேலை பார்த்தவர்கள் நில வழக்கில் வரைபடத்தைப் பார்த்ததும் தவறைப் பிடிப்பார்கள். லாரி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விபத்து இழப்பீட்டு வழக்கு கைவந்த கலை. பழைய தொழிலை வெறுத்து மூட்டை கட்டி எறிந்துவிட்டு வராதீர்கள். கையோடு எடுத்து வாருங்கள்.

இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா?

ஓட்டத்தில் முடியாது. ஒரே காலையில் மூன்று கோர்ட் மாடி ஏறி இறங்குவதில் அவர்கள்தான் முன்னால். ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. முப்பது ஆண்டாகப் பழைய பிரிவு எண்களை நாக்கு நுனியில் வைத்திருந்த சீனியர்களும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இப்போது நுழைபவருக்கு இது நல்ல காலம்.

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

"பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய வயதில் இவள் பள்ளிக்கூடம் போகிறாள்" என்றார்கள். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்.

மறுபடி தொடங்குவதில் அவமானம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் வ.உ.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு அங்கே நினைவுச் சின்னமாக இருக்கிறது. 1912இல் விடுதலையானபோது கப்பலும் போயிருந்தது, வழக்கறிஞர் உரிமமும் போயிருந்தது. பல ஆண்டு வறுமைக்குப்பின், வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமத்தைத் திரும்பப் பெற்று, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் கோவில்பட்டியில் வழக்காடினார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

தாமதமாக வருவதால் எதெல்லாம் கிடைக்காமல் போகும்?

சிவில் நீதிபதி தேர்வுக்கு வயது வரம்பு உண்டு, நாற்பதுகளில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். நோட்டரி ஆவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும். அதை எட்டிவிடலாம்.

யார் வர வேண்டாம்?

மேலாளர் பிடிக்கவில்லை என்பதற்காக வருபவர்கள். அவர்களுக்கு வேறு நிறுவனம் போதும். காரில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்காகப் பட்டம் தேடுபவர்களும் வேண்டாம், அவர்களால் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர். அடுத்த ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவுக்குப் பணமில்லாதவர்கள் இப்போதைக்குப் பொறுங்கள், இரண்டு ஆண்டு சேர்த்துவிட்டு வாருங்கள். சட்டக் கல்லூரி அங்கேயேதான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் என்ன செய்யலாம்?

ஐந்து நாள் விடுப்பு எடுங்கள். உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போங்கள். சில வழக்குகளைத் தவிர நீதிமன்றம் எல்லோருக்கும் பொதுவானது, யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு, காலை பத்தரை மணிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்காருங்கள். முதல் நாள் ஒன்றும் புரியாது, எல்லாம் வாய்தாவாகப் போகும். மூன்றாம் நாள் ஒரு சாட்சி விசாரணை கண்ணில் படும். சீனியர்களைவிட ஜூனியர்களைக் கவனியுங்கள், நீங்கள் முதலில் நிற்கப்போவது அவர்கள் நிற்கும் இடத்தில்தான். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் அவர்களோடு உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள்.